துருப் பிடிக்காத அச்சு

நமசிவாயத்திடம் நாற்பத்தொரு கார்கள் இருந்தன. ஓட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை.

எல்லாம் அமெரிக்கக் கார்கள். எல்லாம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வீதியில் ஓடியவற்றின் மொடல்கள். எல்லாம் ஒரு சாண் நீளம். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக்கை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி அவரே கட்டியவை. வெள்ளவத்தையில் கடலை நோக்கிப் போகும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடி வீட்டின் முன்கூடத்தில், மூன்று கண்ணாடி அலுமாரிகளில் அவை வரிசையாக நின்றன. போக்குவரத்து நெரிசல் இல்லாத ஒரே கொழும்பு அதுதான் என்று சாருஜா நினைத்தாள். நினைத்ததைச் சொல்லியும் விட்டாள்.

ஸீனத் சிரிக்கவில்லை. அவள் சிரித்து சாருஜா பார்த்ததில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் விபத்து வாகனங்களைப் பரிசோதித்து, பொய்க் கணக்குக் காட்டியவர்களைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, இப்போது காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே தனியார் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். சாருஜா அங்கே டைப் அடிக்க வந்தவள். டைப் அடிக்க எதுவும் இல்லாததால் கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

நமசிவாயம் நடு அலுமாரியைத் திறந்தார். எழுபத்தொரு வயது. மெலிந்த உடம்பு, நெற்றியில் திருநீறு. ஒரு சிவப்புக் காரின் கீழே உள்ளங்கையைச் செலுத்தி, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மேசையில் வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஷெவர்லே இம்பாலா. வெள்ளைக் கூரை. பின்னால் பறவைச் சிறகுபோல விரிந்த இரண்டு தகடுகள், அவற்றுக்குக் கீழே பூனைக் கண்போல இரண்டு சிவப்பு லைட்.

“இது என்ட கார் இல்லை,” என்றார்.

“அப்ப உங்கட கார் எங்க அங்கிள்?” என்று சாருஜா கேட்டாள்.

“அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டனான். ஆரோ என்ட காரை எடுத்துப்போட்டு, அதே மாதிரி ஒண்டை வைச்சிருக்கினம்.”

சாருஜா குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள்: காணாமல் போனது, கார் ஒன்று. கிடைத்தது, கார் ஒன்று.

“எல்லா விபரமும் சொல்லுங்க ஐயா,” என்றாள் ஸீனத்.

சொன்னார். அவரும் இரத்தினம்மாவும் கலியாணம் முடித்த அன்று, கொள்ளுப்பிட்டியில் ஒருவரிடம் வாடகைக்கு எடுத்து வந்த கார் அது. மனைவி இறந்து ஆறு வருடம். அவர் இறந்த பிறகு அந்தக் காரைக் கட்டத் தொடங்கினார். இரண்டு வருடம் பிடித்தது. பெட்டியில் வரும் மொடலில் ஸ்டியரிங் அமெரிக்க முறைப்படி இடப்பக்கம் இருக்கும். அதை வெட்டி வலப்பக்கத்துக்கு மாற்றினார். இலக்கத் தகடும் அதே இலக்கம்தான். தங்கச்சிக்குக் கண் ஒப்பரேஷன் என்று யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதம் நின்றார். மூன்று கிழமைக்கு முன்னர் திரும்பி வந்து, பையைக் கீழே வைக்க முதலே அலுமாரியைப் பார்த்தார்.

“பார்த்த உடனே தெரிஞ்சது. என்ட இல்லை.”

“அப்பா,” என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மகன் கிஷாந்த். வங்கியில் வேலை, வீடு கிருலப்பனையில். அரைநாள் லீவு போட்டு வந்திருந்தான். “அது உங்கட கார்தான்.”

“ஸ்டியரிங் வளையம் தடிப்பாக் கிடக்கு.”

“நீங்கள்தான் மாத்தியிருப்பீங்கள். மறந்திருப்பீங்கள்.”

“அடியில என்ட பேரை ஊசியால கீறினனான். காணேல்லை.”

“அதுக்கு மேல பெயின்ட் அடிச்சிருப்பீங்கள்.”

“அடிக்கேல்லை.”

“அடிச்சதை மறந்திருப்பீங்கள்.”

சாருஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பந்தை எந்தப் பக்கம் அடித்தாலும் திருப்பி அடிக்கும் சுவரோடு ஒருவர் டெனிஸ் விளையாடுவது போலிருந்தது.

கிஷாந்த் ஸீனத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: “மிஸ், வியாழக்கிழமை நாலு மணிக்கு டொக்டரிட்ட அப்பொயிண்ட்மென்ட் இருக்கு. மறதி வருத்தத்துக்கான டொக்டர். டொக்டர் ஓம் எண்டு சொன்னால் அப்பாவை எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறன். இவர் தனிய இருக்க ஏலாது.”

“அங்க இந்த அலுமாரிக்கு இடமில்லை,” என்றார் நமசிவாயம். அவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

“அம்மாவின்ட வருத்தத்தைப் பிந்தித்தான் கண்டுபிடிச்சனாங்கள் அப்பா. இந்த முறை பிந்த மாட்டன்.”

கிஷாந்த் வில்லன் மாதிரிப் பேசாதது சாருஜாவுக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

“ஹாஷிம் அங்கிளிட்டையும் கேளுங்கோ,” என்றான் கிஷாந்த். “ஒவ்வொரு நாளும் வாறவர்.”

மூலைக் கதிரையில் தேநீர்க் கோப்பையோடு ஒருவர் இருந்தார். இரண்டாம் மாடிக்காரர். புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்துவிட்டு மகன்மாரிடம் கொடுத்துவிட்டவர். நமசிவாயத்தின் வயது, ஏறத்தாழ அதே மெலிவு, அதே தடித்த கண்ணாடி. பத்தொன்பது வருடமாக நாள்தோறும் பத்து மணிக்கு மாடியேறி வந்து, பன்னிரண்டுக்கு இறங்குபவர்.

“கொஞ்சம் மறதி இருக்கி தான்,” என்றார் ஹாஷிம், கோப்பைக்குள் பார்த்தபடி. “இந்த வயசில யாருக்கு இல்ல.”

நமசிவாயம் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

“ஐயா ஊரில நிண்ட நேரம் வீட்டுத் திறப்பு யாரிட்ட இருந்திச்சி?” என்று ஸீனத் கேட்டாள்.

“மகனிட்ட ஒண்டு. பூச்சட்டிக்குத் தண்ணி ஊத்த ஹாஷிமிட்ட ஒண்டு.”

ஸீனத் எழுந்து அலுமாரியருகே போனாள். “சாரு, கையைத் துடைச்சிப்போட்டு வா. எல்லாக் காரையும் ஒவ்வொண்டாத் திருப்பிப் பார்க்கணும். ஐயா, அனுமதி தாங்க.”

“கூரையில பிடிக்கக் கூடாது. அடியால,” என்றார் நமசிவாயம்.

சாருஜா நாற்பத்தொரு கார்களைத் திருப்பினாள். அரை மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொன்றின் அடியிலும் சக்கரங்களைச் சேர்க்கும் இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகள், அதாவது அச்சுகள், இருந்தன. கண்ணாடி அலுமாரிக்குள் தூசி போகவில்லை. கடற்காற்று போயிருந்தது. நாற்பது கார்களின் அச்சுகளும் பழுப்பாகத் துருப் பிடித்திருந்தன. நாற்பத்தோராவது காரின் அச்சு கல்யாண வீட்டுக் கரண்டி மாதிரிப் பளபளத்தது.

“நாலு வருஷமா வெள்ளவத்தையில இருந்த இரும்பு இல்ல இது,” என்றாள் ஸீனத்.

“என்ட சைக்கிளே நாலு மாசத்தில துருப் பிடிச்சுப் போச்சு,” என்றாள் சாருஜா.

கிஷாந்த் வந்து குனிந்து பார்த்தான். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு பழையபடி களைத்தது. “அச்சை மாத்தியிருப்பார்.”

“மறந்திருப்பார்,” என்று ஸீனத் முடித்து வைத்தாள். “சரிதான். காருக்குள்ள என்ன இருந்தாலும் அதுக்கு உங்களிட்ட அந்தப் பதில் இருக்கி. அப்ப நாங்க காருக்கு வெளியில தேடணும். இதைச் செஞ்ச கையைத் தேடணும்.”

பூதக் கண்ணாடியை எடுத்துக் காரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிறுவிரல் நகத்தைவிடச் சிறிய இலக்கத் தகடு. ‘1 ஸ்ரீ 4417’, அந்தக் கால முறைப்படி நடுவில் சிங்கள ஸ்ரீ.

“மற்றக் கார்களில இலக்கம் எப்பிடிப் போட்டீங்க ஐயா?”

“மூண்டு மயிர் உள்ள பிரஷ்ஷால எழுதினனான்.”

“இது எழுதினது இல்ல. மெஷினில வெட்டின ஸ்டிக்கர். இந்த ஸ்ரீயின்ட வாலைப் பாருங்க. உள்ளுக்குச் சுருண்டு ஒரு முழுச் சுத்து. இப்ப யாரும் இப்பிடி வெட்டுறல்ல, எல்லாரும் வாலை மொட்டையா விடுற.” கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள். “கொட்டாஞ்சேனையில ஒரு கடையைத் தவிர.”

சாருஜா காருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, இந்த சீட்டின்ட நிறம் என்ன நிறம்? சிவப்புமில்ல, ரோசுமில்ல. ஆரோ வாயைத் திறந்து வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு.”

“அதைத்தான் நானும் மூண்டு கிழமையாச் சொல்லுறன்,” என்றார் நமசிவாயம்.

போவதற்கு முன் சாருஜா தொலைபேசியில் ஒரு படம் எடுத்தாள். மேசையில் கார். பின்னால் நமசிவாயம், தன்னுடையதல்லாத காரோடு படம் எடுக்கப்படுவதை விரும்பாத முகத்தோடு.

*

த்ரீவீலரில் சாருஜா தன் தீர்ப்பை வெளியிட்டாள். “மகன்தான். அப்பாவுக்கு மறதி எண்டு காட்டினால் ஃபிளட் கைக்கு வரும்.”

“அந்தப் பொடியன் நேற்று இரவு எட்டரைக்குத்தான் வேலையால வீட்ட போயிருக்கான். இண்டைக்கு அரைநாள் லீவுக்கு மனேஜரிட்ட ரெண்டு தரம் கேட்டிருக்கான். வந்த உடன அவனே சொன்னான். ஒரு சாண் காருக்கு ஸ்ரீ ஒட்டுறதுக்கு அவனுக்கு எங்க நேரம்?”

“ஆள் வைச்சுச் செய்யலாம்.”

“செய்யலாம். அந்த ஆளைத்தான் பார்க்கப் போறம். மல்லி, ஓய ஹந்தியேன் வமட்ட.”

சாரதி சந்தியில் இடப்பக்கம் திரும்பினான்.

ரிப்கானின் ஸ்டிக்கர் கடை, இரண்டு கடைகளுக்கு நடுவே மிஞ்சிய இடத்தில் இருந்தது. த்ரீவீலர்களின் முதுகில் ஒட்டும் வாசகங்கள் சுவர் முழுவதும் தொங்கின. தாயின் பெயர், கடவுளின் பெயர், முன்னாள் காதலிக்கு ஓர் எச்சரிக்கை.

“வாங்க ராத்தா,” என்றான் ரிப்கான். ஸீனத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். காப்புறுதிக் காலத்தில் ஒரு தடவை அவனைச் சாட்சியாக நீதிமன்றத்துக்கு இழுத்தவள் அவள். “சத்தியமா இப்ப கள்ளத் தகடு ஒண்டும் வெட்டுறல்ல.”

“ஒண்டு வெட்டியிருக்கீங்க. இவ்வளவுதான்.” சிறுவிரலைக் காட்டினாள்.

ரிப்கானின் முகம் தெளிந்தது. “ஓ, அது றேமண்ட் அங்கிளுக்கு. மூணு தரம் வெட்டின ராத்தா. முதல் ரெண்டும் தும்மினதில போச்சி. பொலிஸ் பிடிக்குமா எண்டு கேட்டன். அந்தக் காரைப் பிடிக்கிற பொலிஸ்காரன் எறும்பாத்தான் இருக்கணும் எண்டு சொன்னார்.”

“றேமண்ட் எங்க இருக்கார்?”

“பள்ளிக்குப் பின்னால, மூணாவது கேற். பல்லுக் கட்டுறவர்.”

சாருஜா நின்றாள். “பல்லுக் கட்டுறவரா?”

“டொக்டர்மாருக்குப் பொய்ப் பல்லு செஞ்சி குடுக்கிற.”

“அக்கா,” என்றாள் சாருஜா, வெளியே வந்ததும். “அந்த சீட் என்ன நிறம் எண்டு எனக்கு இப்ப விளங்குது.”

*

றேமண்ட் கதவைத் திறந்தபோது கையில் யாருடையதோ கீழ்த்தாடை இருந்தது. அறுபது வயதுக்கு மேல். மார்பில் சிலுவைச் சங்கிலி, ஒரு கண்ணில் கடிகாரக்காரர்கள் மாட்டும் வில்லை. வேலை மேசையில் பதினைந்து இருபது பேரின் பற்கள் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பாதி கட்டிய ஒரு கடிலாக் கார் மொடல் நின்றது.

“ஐம்பத்தொன்பது இம்பாலா,” என்றாள் ஸீனத். “சிவப்பு. வலப்பக்க ஸ்டியரிங்.”

“நான் செஞ்சதுதான்,” என்றார் றேமண்ட் உடனே. மறைக்க வேண்டிய எதையும் செய்ததாக அவருக்கு எண்ணமில்லை. “அந்த வகை பெட்டி இங்க கிடைக்காது. என்னட்ட ஒண்டு ஆறு வருஷமா கட்டாமக் கிடந்தது. அதை எடுத்துத்தான் செஞ்சன். சீட்டுக்குச் சரியான நிறம் கிடைக்கல்ல. பொய்ப் பல்லின்ட முரசுச் சதைக்குப் போடுற பவுடரில கொஞ்சம் சிவப்புக் கலந்து ஊத்தினன். அவருக்குப் பிடிச்சிருக்கா?”

“கண்டுபிடிச்சிட்டார்,” என்றாள் ஸீனத்.

றேமண்டின் முகம் வாடியது. “சீட்டா?”

“சீட்டும். செய்யச் சொன்னது யார்?”

“அவர்தான்.”

“எவர்?”

“வெள்ளவத்தை நமசிவாயம்.”

சாருஜாவின் பேனா நின்றது.

“அவரே வந்தவரா?” என்று ஸீனத் கேட்டாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

“அவரேதான். ரெண்டு மாசம் இருக்கும். ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள காரைக் கொண்டு வந்தார். கார் எண்டு சொல்ல ஏலாது, அப்பளம். இதே மாதிரி ஒண்டு வேணும், ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது எண்டார். நான் அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தன். நமசிவாயம் எண்டு ஊசியால கீறியிருந்தது. நான் அவரைக் கண்டதில்ல, ஆனா மொடல் கட்டுற எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும். நீங்கதானா நமசிவாயம் எண்டு எழும்பிக் கை குடுத்தன். பெரிய சந்தோசம் எனக்கு. பேரை மட்டும் நான் கீறல்ல, அது அவரே கீற வேண்டியது.”

வீதியில் மீன்காரனின் மணிச் சத்தம் கேட்டது.

சாருஜாவுக்கு வாயில் எதுவும் வரவில்லை. அது அடிக்கடி நடப்பதில்லை. அந்த மனிதர் தானே காரை உடைத்து, தானே புதிதாகச் செய்வித்து, தானே அலுமாரியில் வைத்து, முழுவதையும் மறந்துவிட்டு, கள்ளனைப் பிடிக்கத் தங்களைக் கூப்பிட்டிருக்கிறார். மகன் சொன்னது சரி. வியாழக்கிழமை டொக்டரும் அதையேதான் சொல்லப்போகிறார். இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது?

“ஆள் எப்பிடி?” என்று ஸீனத் கேட்டாள்.

“எழுபது வயசு. மெலிவு. தடிச்ச கண்ணாடி.”

சாருஜா புத்தகத்தை மூடினாள். “போவமா அக்கா?”

“இரு. றேமண்ட், கார் முடிஞ்ச பிறகு எடுக்க வந்தாரே. இந்த மேசையில வச்சீங்களா?”

“ஓம். இதே இடத்தில.”

“அதை எப்பிடித் தூக்கினார்? செஞ்சி காட்டுங்க.”

றேமண்ட் யோசித்தார். பிறகு கடிலாக்கின் கூரையை இரண்டு விரல்களால், மேலிருந்து, தேநீர்க் கோப்பை மூடியைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினார். காட்டியதும் அவரே நிறுத்தினார். தன் விரல்களைப் பார்த்தார்.

“திருப்பி அடிப்பக்கம் பார்த்தாரா?” என்றாள் ஸீனத்.

“இல்ல.” றேமண்ட் காரை மெல்ல வைத்தார். “பார்க்கல்ல. அது எனக்கு அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்தது. அடிப்பக்கம் நான் ஒரு கிழமை வேலை செஞ்சனான். மொடல் கட்டுறவன் முதல்ல அதைத்தான் பார்ப்பான்.”

“ஸ்டியரிங் தடிப்பு எண்டு சண்டை பிடிச்சாரா?”

“ஒண்டும் சொல்லல்ல. கையில எடுத்தார். கண் கலங்கிச்சி. மாஷா அல்லாஹ் எண்டு சொல்லிட்டுப் போனார்.”

சாருஜா மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். “என்ன சொன்னார்?”

“மாஷா அல்லாஹ்.”

“நமசிவாயம்.”

“நான் நினைச்சன், நல்ல மனுசன், எல்லாச் சமயத்தையும் மதிக்கிறவர் எண்டு.”

ஸீனத் கையை நீட்டினாள். சாருஜா தொலைபேசியில் காலையில் எடுத்த படத்தைத் திறந்து கொடுத்தாள். றேமண்ட் வில்லையைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது யார்?”

“இவர்தான் நமசிவாயம்.”

றேமண்ட் நீண்ட நேரம் பார்த்தார். “அப்ப நான் யாருக்குக் கை குடுத்தன்?”

வெளியே வந்ததும் சாருஜா கேட்டாள்: “படத்தை முதலே காட்டியிருக்கலாமே அக்கா? எனக்கு அரை உயிர் போச்சு.”

“முகத்தைக் காட்டி இவரா எண்டு கேட்டால் ஆக்கள் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. எண்ணம் முதலே அதில இருக்கிறபடியால். முதல்ல கையைக் கேட்கணும். கை பொய் சொல்லப் பழகினதில்ல.”

*

இரண்டாம் மாடியில் ஹாஷிம் கதவைத் திறந்தார். ஸீனத்தைக் கண்டார். பிறகு அவளுக்குப் பின்னால் சாருஜாவின் முகத்தைக் கண்டார். உள்ளே போய், கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மேசையில் வைத்தார். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

“பத்தொன்பது வருஷமா அந்தக் கார்களைப் பார்க்கிறன் மகள்,” என்றார். “ஒரு நாளும் கையில தரல்ல. நானும் கேட்கல்ல. அவர் ஊரில நிண்ட நேரம் பூவுக்குத் தண்ணி ஊத்தப் போனன். அலுமாரித் திறப்பு அதிலயே இருந்திச்சி. ஒருக்கா எடுத்துப் பார்த்தா என்ன எண்டு நினைச்சன். கை நழுவிச்சி. கீழ விழுந்ததைத் தேடி ஒரு எட்டு வச்சன். அது கால்கீழதான் இருந்திச்சி.”

சாருஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸீனத் பார்த்தாள். சாருஜா வாயை மூடினாள்.

“வந்த அண்டைக்கே சொல்லத்தான் இருந்தன். அவர் பையோட நிண்டு, இது என்ட கார் இல்ல எண்டார். அப்ப கிஷாந்த், நீங்க மறந்திட்டீங்க அப்பா எண்டான். நான் வாயைத் திறக்க முந்தியே எனக்கு ஒரு கதவு திறந்திச்சி. அதால போயிட்டன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லோணும் எண்டுதான் மாடி ஏறுவன்.”

“டொக்டரிட்ட போற கதை தெரியுமே.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் காலையில மறதி இருக்கி எண்டு சொன்னீங்க.”

ஹாஷிம் டின்னின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினார்.

“ஹாஷிம் நானா,” என்றாள் ஸீனத். “நான் மேல போய்ச் சொன்னா அது ரிப்போர்ட். டைப் அடிச்சி, கையெழுத்து வச்சிக் குடுப்பன். அவர் அதை வாசிப்பார், அவ்வளவுதான். நீங்க போய்ச் சொன்னா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியா. ஆனா இண்டைக்குச் சொல்லணும்.”

அவர் டின்னை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் மேலே போனார்கள்.

கிஷாந்த் இன்னும் அங்கேதான் இருந்தான். அரைநாள் லீவு முழுநாளாகியிருந்தது. டொக்டரிடம் கொண்டுபோகும் பழைய மருந்துச் சீட்டுகளைத் திகதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தான். நமசிவாயம் அலுமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

ஹாஷிம் நின்றபடியே சொன்னார். நான்கு வசனம். உடைத்தது, கொட்டாஞ்சேனையில் செய்வித்தது, கொண்டு வந்து வைத்தது, மறதி என்று சொன்னது. கடைசி வசனத்தை டின்னைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

கிஷாந்தின் கையிலிருந்த சீட்டுகள் மேசையில் சரிந்தன. “அங்கிள்,” என்றான்.

நமசிவாயம் எழுந்து சத்தம் போடுவார் என்று சாருஜா எதிர்பார்த்தாள். அவர் சேர்ட் பொக்கட்டிலிருந்து நான்காக மடித்த ஒரு கடதாசியை எடுத்து மகனிடம் கொடுத்தார்.

“வாசி.”

கிஷாந்த் வாசித்தான். அன்றைய திகதி. கிழமை. இரத்தினம்மாவின் பெயர், அவர் இறந்த திகதி. கிஷாந்த் பிறந்த திகதி, பிறந்த நேரம். மாடியின் இலக்கம். கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

“விடிய எழும்பி எழுதுவன். பின்னேரம் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பன். மூண்டு கிழமை. ஒரு நாளும் பிழைக்கேல்லை. எண்டாலும் பயமாத்தான் கிடந்தது. நீங்கள் எல்லாரும் சொல்லேக்க, நான்தான் பிழையோ எண்டு.”

கிஷாந்த் கடதாசியை மடித்தான். மடித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “அப்பா, நான் அப்பொயிண்ட்மென்டைக் கான்சல் பண்ணுறன்.”

“வேண்டாம். போறன். படிச்ச ஆள் ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும். ஆனா தனியப் போறன். நீ வெளியில நில்.”

பிறகுதான் அவர் ஹாஷிமின் பக்கம் திரும்பினார்.

“இவன் தெரியாமல் சொன்னவன்,” என்றார். “நீர் தெரிஞ்சுகொண்டு சொன்னீர்.”

“ஓம்,” என்றார் ஹாஷிம்.

“மூண்டு கிழமை என்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சீர்.”

“ஓம் சிவம்.”

மாலை ரயில் ஒன்று கடற்கரையோரமாகக் கல்கிசைப் பக்கம் போனது. அலுமாரிக் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்து நின்றன.

நமசிவாயம் டின்னை வாங்கித் திறந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். நொறுங்கிய கூரை. இரண்டாகப் போன சிறகு. வளைந்த அச்சு. அடித்தகட்டைத் திருப்பி, ஊசியால் கீறிய தன் பெயரைப் பெருவிரலால் தடவினார். எல்லாத் துண்டுகளும் இருந்தன. ஹாஷிம் தரையைக் கூட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதையும் பொறுக்கி, பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். நமசிவாயம் அந்தப் பஞ்சைப் பிரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எத்தனை மணித்தியாலம் பொறுக்கினீர்?”

“மத்தியானம் லுஹர் தொழுதிட்டு இருந்தன். பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும்.”

நமசிவாயம் பஞ்சைப் பழையபடி சுற்றினார். “போம்,” என்றார். “நாளைக்கு வர வேண்டாம்.”

ஹாஷிம் தலையாட்டினார்.

“வியாழன் நான் டொக்டரிட்ட. அண்டைக்கும் வேண்டாம்.”

“வெள்ளி?” என்றார் ஹாஷிம், கதவருகே நின்று.

“வெள்ளி உமக்கு ஜும்மா.”

ஸீனத் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நமசிவாயம் குனிந்து, இரண்டாகப் போன சிறகின் பாதிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். விரலை எடுத்தால் பிரிந்தன. ஒட்டிக் காயும்வரை இரண்டு பக்கமும் யாராவது அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஒரு ஆளால் ஏலாத வேலை.

“சனிக்கிழமை வாரும்,” என்றார், தலை நிமிராமல். “பத்து மணிக்கு. கையைக் கழுவிப்போட்டு வாரும்.”

வெளியே லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு நின்றது. ஹாஷிம் அதைக் கவனிக்காமல், சுவரைப் பிடித்தபடி படிகளில் இறங்கிப் போனார்.